ஏரியிலிருந்து கடல் வரை: சைக்கிளில் ஆல்ப்ஸ்

ஜெனீவா ஏரியின் தென்கரையில் தோனோன் என்ற பிரெஞ்சு ஊர் இருக்கிறது. அங்கிருந்து மத்தியதரைக் கடலோரத்து மாந்தோன் வரை ஆல்ப்ஸ் மலைத்தொடரை வடக்கு தெற்காகக் கடந்துபோகும் சாலைக்கு 'ரூத் தே கிராந்த் ஆல்ப்' என்று பெயர். நீளம் சுமார் 700 கிலோமீட்டர். வழியில் பதினைந்துக்கும் மேற்பட்ட கணவாய்கள். ஒவ்வொன்றிலும் ஏறி, மறுபக்கம் இறங்கி, அடுத்ததில் மறுபடி ஏற வேண்டும். ஏறும் உயரத்தை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 17 ஆயிரம் மீட்டர் வருகிறது.

கோடை வந்தால் இந்தச் சாலையில் சைக்கிள் குழுக்கள் வரிசையாகத் தென்படும். பந்தயக்காரர்கள் அதில் குறைவு. அலுவலக வேலையில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், தலை நரைத்த தம்பதிகள் என்று பலரும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஒதுக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மலை கிடையாத ஊர்களிலிருந்து வருபவர்களும் உண்டு. 48 கிலோமீட்டர் தொடர்ந்து ஏறும் சாலையில் இவர்கள் எப்படிப் போய்ச் சேர்கிறார்கள்? உடல் பலம் அதற்கு ஒரு காரணம்தான். சங்கிலியைத் தாங்கும் பல்சக்கரங்களுக்கும், தன் வேகத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டு.

இந்த மலைகளைச் சைக்கிளில் தாண்டும் ஆசை சைக்கிள் பரவலான காலத்திலேயே தொடங்கிவிட்டது. எலிசபெத் ராபின்ஸ் பென்னல் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஓவியரான தன் கணவர் ஜோசப்புடன் ஆல்ப்ஸ் கணவாய்களைக் கடந்து, அந்த அனுபவத்தை 1898-இல் புத்தகமாக வெளியிட்டார். அன்றைய சைக்கிளில் கியர் கிடையாது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நீளப் பாவாடை அணிந்த ஒரு பெண் கனமான இரும்பு வண்டியை மண் சாலையில் மேலே தள்ளிக்கொண்டு போனதை நினைத்துப் பார்த்தால், இன்றைய பயணிகளின் சிரமம் சிறிதாகத் தெரியும்.

பந்தயக்காரர்களின் நிலையிலும் பெரிய வித்தியாசமில்லை. தூர் த பிரான்ஸ் பந்தயம் 1910-இல் பிரனீஸ் மலைக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு ஆல்ப்ஸில் கலிபியே கணவாய்க்கு வந்தது. அப்போது 2,556 மீட்டர் உயரத்தில் இருந்த சுரங்கப்பாதை வழியாகத்தான் மறுபக்கம் போக முடியும். முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவர் எமீல் ஜோர்ஜே. சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்றைய பின்சக்கரத்தில் இருபக்கமும் வெவ்வேறு அளவில் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். உச்சியில் மறுபடி நிறுத்தித் திருப்புவார்கள். கியர் மாற்றுவது என்றால் அவ்வளவுதான்.

இதைவிட நல்ல வழி அப்போதே இருந்தது. செந்த்-எத்தியென் நகரத்தில் வாழ்ந்த போல் த விவி என்பவர் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். பல கியர்கள் கொண்ட சைக்கிளைத் தானே ஓட்டிச் சோதித்து, ஊருக்குப் பக்கத்து மலையில் ஏறி இறங்கி, அதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, பிறருக்குக் காட்டுவதற்காக மிதிக்காதே என்பவை அவர் சைக்கிள் பயணிகளுக்குச் சொன்ன அறிவுரைகளில் சில. தூர் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஜ் இதற்கு நேர் எதிர்க்கட்சி. கியர் என்பது 45 வயதைத் தாண்டியவர்களுக்கான சமாச்சாரம், வீரன் தன் தசையால் வெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. பந்தய நிர்வாகம் அவர் கையில் இருந்தவரை சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் 'டிரெய்லர்' கியர் வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் ஒதுங்கிக்கொண்ட பிறகு, 1937-இல்தான் தடை நீங்கியது.

அதே ஆண்டு ஜூலை 10 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் அல்பேர் லெப்ரன் இசெரான் கணவாய்ச் சாலையைத் திறந்துவைத்தார். உயரம் 2,764 மீட்டர். ஆல்ப்ஸின் தார்ச்சாலைக் கணவாய்களில் இதுவே மிக உயரமானது. நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் டூரிங் கிளப் முன்வைத்த ஏரி-கடல் பாதை இந்த இணைப்புக்காகத்தான் காத்திருந்தது. ஆக, பாதை முழுமையானதும், மலைக்கேற்ற கியர் பந்தயச் சாலைக்கு வந்ததும் ஒரே ஆண்டில். இன்று ஏறுகிறவர்களுக்கு இரண்டில் எது இல்லாவிட்டாலும் பயணமே இல்லை. வெலோசியோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1930-இல் டிராம் மோதி இறந்துபோனார்.

கியர் என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். எட்டு சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 140 வாட் போதும். பயிற்சி உள்ள சாதாரண மனிதர் மணிக்கணக்கில் தரக்கூடிய ஆற்றல்தான் இது. ஆனால் அதை எந்தக் கியரில் தருகிறார் என்பதில்தான் முழங்காலின் விதி இருக்கிறது. பழைய பந்தய சைக்கிளில் முன்னால் 42 பல், பின்னால் 23 பல் இருக்கும். இந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 33 முறைதான் பெடல் சுற்றும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் மூட்டையோடு ஏறுவது போலிருக்கும். முன்னும் பின்னும் 34 பல் வைத்த இன்றைய வண்டியில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்று. ஆற்றல் ஒன்றுதான், ஒவ்வொரு மிதியிலும் காலுக்கு விழும் பாரம் மட்டும் பாதியை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தொடர்ந்து எட்டு நாள் ஏற வேண்டும் என்னும்போது, வீட்டுக்குப் போவதா கடற்கரைக்குப் போவதா என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. இவ்வளவு தெரிந்தும், சின்னக் கியர் வைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெகிரான்ஜின் கொள்கையை அவர் பந்தயமே கைவிட்டு எண்பது ஆண்டுக்கு மேலாகிறது. பயணிகளும் கைவிடுவது நல்லது.

குழுவாகப் போகும்போது வேறொரு கணக்கு நடக்கிறது. பள்ளத்தாக்கின் சமமான சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால், காலின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் அதில் கால்வாசிக்குக் குறையாமல் மிச்சம். அதனால் அங்கே எல்லோரும் ஒரே வரிசையில், முறை வைத்து முன்னால் வந்து போகிறார்கள். முன்னால் இருப்பவர் குழியைக் கையால் காட்டுவார். பின்னால் கார் வந்தால் கடைசியில் இருப்பவர் குரல் கொடுப்பார், அது ஒவ்வொரு வாயாக முன்வரிசை வரை போகும்.

ஏற்றம் தொடங்கியதும் இந்த ஏற்பாடு கலைந்துவிடும். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு பொருட்டே இல்லை, அதனால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து பயனில்லை. எடைக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம் மட்டுமே பேசும். பத்துப் பேர் கொண்ட குழு அரை மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிவிடும். பழகாதவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். காலையில் கூடவே சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர் முன்னால் போகிறாரே என்று விரட்டுவார்கள். முதல் இருபது நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மூச்சு இரைக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கடனை அடைக்க அன்று முழுக்கப் போதாது. வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஏறு, பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். உச்சியில் எல்லோருக்காகவும் காத்திருப்பார்கள். கடைசியில் வருபவருக்குத் துணையாக ஒரு வழிகாட்டி எப்போதும் இருப்பார்.

பெட்டிகளையும் உணவையும் மாற்றுச் சக்கரங்களையும் சுமந்துகொண்டு ஒரு வேன் குழுவோடு வரும். முடியாதவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். பந்தயத்தில் இதைத் துடைப்ப வண்டி என்பார்கள். பின்தங்கியவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வர, பந்தயம் பிரனீஸுக்குள் நுழைந்த 1910-இலேயே அது வந்துவிட்டது. பயணக் குழுக்களில் அந்த வேனில் ஏறுவதை யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஒரு பிற்பகலை விட்டுக்கொடுத்தவர் மறுநாள் காலை சைக்கிளோடு நிற்பார். பிடிவாதமாக மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர் மிச்சப் பயணம் முழுவதையும் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டிவரும்.

இசெரான் நாளை எடுத்துக்கொள்ளலாம். பூர்-சான்-மொரீஸ் ஊரிலிருந்து உச்சி வரை 48 கிலோமீட்டர். சராசரி ஏற்றம் நான்கு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் நீளம் ஏமாற்றிவிடும். பாதி வழியில் வலப்புறம் ஒரு பெரிய அணை வருகிறது. 1952-இல் அதன் நீரில் தீஞ் என்ற கிராமம் மூழ்கியது. ஊர்மக்கள் கடைசிவரை எதிர்த்தும் பயனில்லை. ஏரியை ஒட்டிச் சுரங்கப்பாதைகள் தொடங்குகின்றன. வெளிச்சத்திலிருந்து திடீரென இருட்டுக்குள் போனதும் சாலைப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, பின்னால் வரும் லாரியின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் புரியாது. பின்விளக்கு எரியாத வண்டியை வழிகாட்டிகள் உள்ளே விடமாட்டார்கள்.

வால்-தீசேர் ஊரைத் தாண்டினால் கடைசி 16 கிலோமீட்டர். வீடுகளும் மரங்களும் கீழே நின்றுவிட, புல்லும் பாறையும், ஜூன் மாதமாக இருந்தால் சாலையின் இருபுறமும் வெட்டி ஒதுக்கிய பனிச்சுவரும் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சைக்கிள்காரர்களுக்கென்றே நட்ட ஒரு கல் வருகிறது. இப்போது நிற்கும் உயரம், உச்சிக்கு மிச்சமுள்ள தூரம், அடுத்த கிலோமீட்டரின் சராசரி ஏற்றம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். களைத்த கண் முதலில் தேடுவது அந்தச் சதவீதத்தைத்தான். ஐந்து என்றிருந்தால் தண்ணீர்க் குப்பியை எடுக்கலாம். ஒன்பது என்றிருந்தால் குடிப்பதை இப்போதே முடித்துவிட வேண்டும், அந்த ஏற்றத்தில் ஒரு கையை எடுத்தால் வண்டி ஆடும். பிரெஞ்சு மலைச்சாலைகளில் செய்த மிகக் கரிசனமான காரியம் இந்தக் கற்கள்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். நான்கு மணி நேர ஏற்றத்தை மனம் தாங்காது. ஒரு கிலோமீட்டரைத் தாங்கும்.

உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலி வருமளவுக்கு யாரும் அங்கே தங்குவதில்லை, ஆனால் அதே 140 வாட் அங்கே அதிக மூச்சைக் கேட்கும். வெப்பநிலை அடிவாரத்தைவிடப் பன்னிரண்டு டிகிரி குறைந்திருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு ஐந்து நிமிடம் நின்றால் உடம்பு நடுங்கும். அதனால் வேன் முன்கூட்டியே மேலே வந்து நிற்கிறது. உலர்ந்த உள்சட்டை, கையுறை, காற்றுப் புகாத மேலங்கி எல்லாவற்றையும் போட்டுக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். மேலங்கி இல்லாத காலத்தில் வீரர்கள் உச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொள்வார்கள். அது இன்றும் பலிக்கும். கணவாயில் ஒரு கல் தேவாலயம் இருக்கிறது. 1939-இல் கட்டியது. 'சகல முன்னெச்சரிக்கைக்கும் மாதா' என்று பெயர்.

இறக்கத்தில் அந்த மாதாவின் துணை தேவைப்படும். 80 கிலோ பாரம் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அதில் எவ்வளவைக் காற்று வாங்கிக்கொள்கிறது, எவ்வளவு பிரேக்கில் சூடாக இறங்குகிறது என்பது ஓட்டுபவர் கையில் இருக்கிறது. பயந்து எப்போதும் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி இறங்குபவரின் வண்டியில்தான் சூடு ஏறும். ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் சக்கர விளிம்பு கொதித்து டியூப் வெடித்த சம்பவங்கள் உண்டு. நேர்ச்சாலையில் கையைத் தளர்த்தி விட்டு, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே முன், பின் பிரேக் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைத்துத் திரும்ப வேண்டும். பார்க்கும் இடத்துக்கே வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குப் போகும். ஏற்றத்தில் கடைசியாக வந்தவர் இறக்கத்தில் முன்னால் போவதும், நேர்மாறாக நடப்பதும் குழுக்களில் அடிக்கடி காணும் காட்சி.

வானிலை எந்தக் கணக்கையும் கலைத்துவிடும். 1996 ஜூலையில் பனியாலும் காற்றாலும் தூர் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் இசெரான், கலிபியே இரண்டையும் விட்டுவிட்டு, 46 கிலோமீட்டராகச் சுருங்கியது. 2019 ஜூலை 26 அன்று இன்னும் மோசம். வீரர்கள் இசெரானைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழே வால்-தீசேர் அருகே ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூடின. அன்றைய ஓட்டம் பாதியில் நின்றது. உச்சியில் பதிவான நேரமே முடிவாக, கொலம்பியாவின் எகான் பெர்னால் முன்னணி வீரருக்கான மஞ்சள் சட்டைக்கு உரியவரானார். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை ஏழரைக்கு எல்லோரும் சைக்கிளில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் அடம்பிடிப்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது கலிபியே, 2,642 மீட்டர். சான்-மிஷேல் ஊரிலிருந்து தொடங்கினால் முதலில் தெலெகிராஃப் கணவாய்க்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற்றம், பிறகு ஐந்து கிலோமீட்டர் இறக்கம். ஏறிய உயரத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாலுவார் என்ற ஊரில் போய் நிற்க வேண்டியிருப்பது பலருக்கு எரிச்சல் தரும். ஆனால் சாப்பிட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏறும் வேகத்தில் உடம்பு மணிக்கு ஐந்நூறு கலோரிக்கு மேல் எரிக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரை நான்கு மணி நேரம் தாங்கினால் பெரிது. அது தீர்ந்தால் கால் மட்டுமல்ல, தலையும் வேலை செய்யாது. பக்கத்தில் இருப்பவர் கேட்ட கேள்வி புரியாது, கண் இருளும். அதன்பின் சாப்பிட்டால் தெம்பு வர நேரமாகும். மணிக்கு ஒரு வாழைப்பழமோ, ஒரு ரொட்டித் துண்டோ, பசி எடுக்காதபோதே உள்ளே போக வேண்டும். வெலோசியோ சொன்னதை உடலியல் பின்னால் வந்து உறுதிசெய்தது.

வாலுவாரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். முதல் பத்து கிலோமீட்டர் ஓடையோரமாக நீண்டு போகும், அவ்வளவு வருத்தாது. பிளான் லஷா என்ற இடத்தில் ஓடையைக் கடந்ததும் சாலை மலைச்சுவரில் ஏறிவிடும். கடைசி எட்டு கிலோமீட்டர் எட்டு, ஒன்பது சதவீதம். பழைய சுரங்கப்பாதை வாயில் தெரியும் இடத்தில் முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. 1976-இல் சுரங்கத்தை மூடியபோது மேலே போட்ட சாலை இன்னும் ஒரு கிலோமீட்டர் போகிறது, பத்து சதவீதத்தைத் தொடும் ஏற்றம். அந்த ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் ஆகலாம். உச்சியில் நிற்க இடம் குறுகல், காற்று பலம். தெற்கே மெய்ஜ் சிகரமும் பனிப்பாளங்களும் வரிசையாகத் தெரியும். சற்றுக் கீழே, சுரங்கத்தின் தென்வாயில் அருகே தெகிரான்ஜுக்கு ஒரு நினைவுத்தூண். அதைக் கடந்து இறங்குபவர்கள் எல்லோரும் அவர் மறுத்த கியரில்தான் ஏறி வந்திருக்கிறார்கள்.

பிரியான்சோன் கோட்டை நகரமும் இசோவார் கணவாயும் அதற்குப் பிறகு. இசோவாரின் தென்சரிவில், மரமே இல்லாத மஞ்சள் கற்குவியல்களுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பாறைகள் நிற்கும் ஓரிடத்தில் ஃபாவ்ஸ்தோ கொப்பி, லூயிசோன் போபே என்ற பந்தய வீரர்கள் இருவருக்கும் பலகை பதித்திருக்கிறார்கள். குழுக்கள் அங்கே கட்டாயம் நின்று படம் எடுக்கும்.

வார், கயோல் கணவாய்களைத் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. பனிக்குப் பயந்த உடம்பு இப்போது வெயிலுக்குப் பயப்பட வேண்டும். குயோல், துரினி என்று உயரம் 1,700 மீட்டருக்குள் அடங்கிய கணவாய்கள். ஆனால் அடிவாரம் மிகத் தாழ்வு, நிழல் குறைவு, கால்களில் ஒரு வாரக் களைப்பு. வரைபடத்தைப் பார்த்து இவற்றை எளிதென்று எண்ணியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். தண்ணீர் செலவு இரட்டிப்பாகும், உப்பு தேவைப்படும். வேன் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும்.

கடைசிக் கணவாய் காஸ்தியோன், 706 மீட்டர்தான். அதன் பிறகு மாந்தோனுக்கு இறக்கம். கடல் கண்ணில் பட்டதும் முந்திக்கொண்டு போகத் துடிப்பவர்களை வழிகாட்டிகள் உச்சியிலேயே நிறுத்தி வைப்பார்கள். ஒரு வாரமாக ஆளில்லாத மலைச்சாலையில் பழகிய கண்ணுக்கு, கோடைக்காலக் கடலோர நகரத்தின் கார்களும் ஸ்கூட்டர்களும் ரவுண்டானாக்களும் புதிது, கவனமும் தளர்ந்திருக்கும். எனவே மறுபடி ஒற்றை வரிசை. முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர், குழிக்குக் கை, காருக்குக் குரல். முதல் நாள் ஏரிக்கரையில் கற்றுக்கொண்ட அதே ஒழுங்கில், வேகத்தைக் குறைத்து, எல்லோரும் சேர்ந்தே ஊருக்குள் இறங்குவார்கள்.